வெட்டியது என் வயிற்றைத்தான்

1

என் வயிற்றின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்து ஓராண்டு நிறைந்த வாரத்தில், அடையாள அட்டையை மாற்றப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். என்னைப் போல் வெளியிலிருந்து வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கு மலேசியாவில் சிவப்பு அட்டை கொடுப்பார்கள். எல்லோரும் ஐசி என்பார்கள். அது இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது. என் ஐசியில் இருந்த ஆள் நூற்று முப்பத்தெட்டு கிலோ. அவருக்கு முகவாய் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நானோ தொண்ணூற்றிரண்டு கிலோ. கன்னம் ஒட்டிவிட்டது, கழுத்துத் தோல் மடிந்து தொங்குகிறது. வங்கியில் ஏற்கெனவே ஒருமுறை சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

என் மலாய் கடைத்தெரு மலாய். மல்லி, மிளகாய் விலை பேசப் போதும், அரசாங்கத்தோடு பேசப் போதாது. அதனால் மகள் அனீஸாவைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் பதினாறு வயது. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டால் சிரிப்பாள், என் மலாயைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது உங்கள் அண்ணனா?" என்று கேட்டார். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். ரேகை பொருந்தியது. உடனே குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு என்ன?" என்றார். அனீஸா விவரம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நன்றாக இருக்கிறீர்கள், பத்து வயது குறைந்துவிட்டது என்றெல்லாம் சொன்னார். பிறகு பழைய படத்தையும் அனீஸாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்தில் இருக்கிறவர்தான் உன் அப்பா, இவர் வேறு யாரோ. அந்த முகம் அப்படியே உனக்கு இருக்கிறது" என்றார்.

அன்பாகச் சொன்ன பேச்சுதான். அனீஸாவும் சிரித்தாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுப் படம் நன்றாக விழுந்த சந்தோஷத்தில் இருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

2

ஊரில் உள்ளவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டினால் கீழக்கரையில் ஆளாளுக்கு ஒரு நோயைச் சொல்கிறார்கள். என் லாத்தா, அதாவது அக்கா, போன வாரம்கூடக் கேட்டார்: "உன் பொண்டாட்டி சோறு போடுறாளா இல்லையா? உண்மையைச் சொல்லு."

சோறு போட்டுத்தான் அந்த நிலைமைக்கு வந்தேன். கீழக்கரையிலிருந்து மாமா ஒருவரின் மளிகைக் கடையில் வேலை பார்க்க பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வந்தபோது ஒல்லியாக இருந்தேன். இங்கேயே பிறந்த ஹமீதாவைக் கல்யாணம் செய்து, ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, சொந்தமாக மசாலாக் கடை போட்டேன். கடை வளர்ந்தது, நானும் வளர்ந்தேன். சர்க்கரை வந்தது, ரத்த அழுத்தம் வந்தது, முழங்கால் போனது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று ஒரு குழாயை முகத்தில் மாட்டிவிட்டார்கள். கடைசியில் மருத்துவர் ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னார்: இப்படியே போனால் மகளின் கல்யாணத்தைப் பார்க்க மாட்டீர்கள். மற்ற வழிகளை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்புறம்தான் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தேன்.

வயிற்றைக் கிழிப்பதில்லை. சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அது வழியாகவே இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவு. முதலில் வெறும் தண்ணீர், பிறகு சூப்பு, பிறகு மசித்தது, கடைசியில் கெட்டி உணவு. ஹமீதா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள், நீண்ட லீவு கிடைக்கவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் அனீஸாதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். பருப்பை மசிப்பாள், கரண்டியால் அளந்து வைப்பாள், எதிரே உட்கார்ந்து நான் மெல்லுவதைக் கண்காணிப்பாள். "வாப்பா, முழுங்காதீங்க லா! இன்னும் மெல்லுங்க!" என்று அதட்டுவாள். ஆறு கரண்டிக்கு மேல் ஒரு பருக்கை போடமாட்டாள். அவளை நினைத்து அப்போது எனக்கு எவ்வளவு பெருமை!

எடை மளமளவென்று இறங்கியதும் பினாங்குக்காரர்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். இங்கே நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கோழிச்சாறு பாட்டில், பிஸ்கட் டின், ஆரஞ்சு என்று வீடு நிரம்பியது. எல்லாமே என்னால் சாப்பிட முடியாதவை. எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிற ஜமால் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"எந்த ஸ்டேஜ் பாய்? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"புற்றும் இல்லை, ஒண்ணும் இல்லை ஜமால். வயித்தைக் குறைச்சிருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப காசு குடுத்து பட்டினி கெடக்குறீங்களா?" என்றார். இதைவிடச் சரியாக இதுவரை யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

3

பினாங்கில் சாப்பிடாமல் வாழ்வது பெரிய வித்தை. இரண்டு பேர் சந்தித்தால் "சாப்ட்டாச்சா?" என்று தொடங்கி, எங்கே சாப்பிடலாம் என்று முடிப்பார்கள். என் கடையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு குழம்பு வாசனை குறுக்கே வரும். வழக்கமான சோற்றுக் கடையில் போய், சோறு கொஞ்சமாகப் போடுங்கள் என்றால் பரிமாறுகிறவர் முகம் வாடிவிடுகிறது. "ஏன் அண்ணே, நம்ம கடை சாப்பாடு புடிக்கலையா?" என்கிறார். பாதியைக் கட்டிக்கொடுங்கள் என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

என் ஒரு நாளைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர், அதுவும் வாய் வாயாக. முதலில் முட்டையோ மீனோ கோழியோ, அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அவசரமாக விழுங்கினால் நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொண்டு, வாயெல்லாம் நீர் ஊறி, நுரை நுரையாக வெளியே வரும். ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை. எப்போதும் குளிர்கிறது, பினாங்கு வெயிலில் நான் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், முகக் குழாய் அலமாரிக்குப் போய்விட்டது, மாடிப்படி ஏறுகிறேன். கணக்குப் பார்த்தால் லாபம்தான். புகார் இல்லை.

சிக்கலெல்லாம் சஹனில்தான். கீழக்கரையில் கல்யாணம் என்றாலும் விருந்து என்றாலும் ஆளுக்கொரு இலை கிடையாது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். நல்ல கறித்துண்டைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது, அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். மெதுவாகச் சாப்பிடுகிறவர் முடிக்கும்வரை மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது. மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை. சஹனைத் துடைத்து முடிக்க ஒரு திடகாத்திரமான ஆள் எல்லாக் கூட்டத்திலும் தேவைப்படுவான். பல வருஷம் அந்த ஆள் நான்தான். பினாங்கில் எங்கள் பள்ளிவாசலிலும் நோன்பு திறந்த பிறகு இப்படித் தட்டில்தான் சாப்பாடு. "காதர் பாய் எங்க பக்கம் உக்காருங்க" என்று கூப்பிடுவார்கள்.

இப்போது நான் உட்கார்ந்தால் நடப்பது வேறு. ஒரு துண்டு கறியை வைத்துக்கொண்டு நெடுநேரம் மெல்லுகிறேன். மிச்சத்தையெல்லாம் மரியாதையாக அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிறேன். கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வருகிறது, பேச்சும் நடக்கிறது. நான் சாப்பிடவில்லை என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. சஹனில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

4

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் நோன்பு மாதத்தில் நோன்பு வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு, பிறகு ஈடு செய்துகொள்ளலாம். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் மலேசியாவில் நோன்பு மாதத்துப் பகலில் ஒரு முஸ்லிம் எல்லோரும் பார்க்கத் தண்ணீர் குடித்தால் ஆயிரம் கேள்வி வரும். யார் நின்று விளக்கிக்கொண்டிருப்பது? கடைக்குப் பின்னால் காய்ந்த மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்து நின்று குடித்தேன். ஒரு வாய் தண்ணீர், மூன்று தும்மல். உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவுக்கே தெரிந்திருக்கும்.

இந்த வருஷம் அனுமதி கிடைத்தது. முதல் நாள் பள்ளிவாசலுக்குச் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தேன். ஜமால் கோப்பை நிறையக் கஞ்சி ஊற்றி வைத்தார். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்தேன். அடுத்த நொடி கை தானாகக் கோப்பையைத் தூக்கி, சின்ன வயதிலிருந்து எப்படிக் குடித்தேனோ அப்படியே ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டது. நாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது இறங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் குழாயடிக்கு ஓடினேன். கஞ்சி முழுவதும் வந்த வழியே திரும்பியது. பின்னாலேயே ஓடிவந்த ஜமால் என் முதுகைத் தடவியபடி, "சொன்னா கேக்குறீங்களா பாய், உள்ளுக்குள்ள என்னமோ பெரிசா இருக்கு" என்றார். என் உடம்பில் பெரிதாக எதுவுமே மிச்சம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது!

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அனீஸா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எவ்வளோ குடிச்சீங்க?"

"ஒரு கோப்பை."

"ஆறு ஸ்பூன்தான் உங்களுக்கு. மறந்துட்டீங்களா?"

அதட்டிவிட்டு மேசைக்குப் போய்த் தன் சாப்பாட்டை முடித்தாள். அவள் முன்னால் இருந்தது என்னுடைய சின்னக் கிண்ணம். அதில் இருந்ததும் ஆறு கரண்டிதான்.

5

அன்றைக்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. என்னை நினைக்க வைத்தது குளியலறைச் சல்லடை.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. உடம்புக்குப் போதிய சத்து கிடைக்காவிட்டால் அது முதலில் தலைமுடியைத்தான் கைவிடும் என்று உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். அந்தச் சீனப் பெண்மணி சொன்னபடி முட்டையும் மீனும் கூட்டியதும் நின்றது. அந்த மாதங்களில் குளித்து முடித்ததும் தண்ணீர் போகும் துளையின் சல்லடையைச் சுத்தம் செய்வது என் வேலையாகிவிட்டது, பிறகும் அப்படியே தொடர்ந்தது. நோன்பு இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சல்லடையை எடுத்தால் ஒரு பந்து முடி. நீளமானது. ஹமீதாவுடையது நரை கலந்தது. இது முழுக்கக் கறுப்பு.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் தண்ணீர் சரியில்லை, ஷாம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பான். எனக்கு இந்த முடி எதனால் கொட்டுகிறது என்று தெரியும். அதற்குப் பிறகுதான் எல்லாம் கண்ணில் பட்டது. பள்ளிச் சீருடை அவள் தோளில் தொளதொளவென்று கிடந்தது. விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால், "கெனியாங் லா, வயிறு நெறைஞ்சிருக்கு, பசிக்கல" என்று புரண்டு படுத்துக்கொள்வாள். மாலையில் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், அந்தச் சின்னக் கிண்ணம். சட்டத்துக்கு உட்பட்ட பட்டினிக்கு நோன்பு மாதத்தைவிட வசதியான மாதம் எது?

ஹமீதாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வயசுப் பொண்ணு, கொஞ்சம் மெலியட்டுமே. எல்லாரும் நல்லா இருக்கான்னுதான் சொல்றாங்க. நீங்க மெலியலாம், அவ மெலியக் கூடாதா?"

"நான் சாப்பிட முடியாம மெலிஞ்சேன். அவ சாப்பிடாம மெலியுறா."

"எல்லாத்துக்கும் பயந்தா எப்படிங்க? பொசா முடிஞ்சா சரியாயிடும் லா." பொசா என்றால் நோன்பு.

6

நேரடியாகக் கேட்டால் அனீஸா கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானாக ஒரு யோசனை செய்தேன். கீழக்கரைக்காரன் புத்தி கீழக்கரைப் பக்கம்தானே போகும்! பெரிய தாம்பாளம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, இனிமேல் நோன்பு திறந்த பிறகு நம் வீட்டிலும் சஹன் என்று அறிவித்தேன். எங்கள் வீட்டில் அதுவரை ஆளுக்கொரு தட்டுதான். ஒன்றாக உட்கார்ந்தால் சாப்பிடாமல் எழுந்து போக முடியாது, வீட்டிலேயே மெதுவாகச் சாப்பிடுகிறவன் நான், நான் முடிக்கும்வரை அவள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

அனீஸா முணுமுணுத்தாலும் உட்கார்ந்தாள். நான் கோழித்துண்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் மரியாதையாக என் பக்கம் தள்ளினாள். நான் திரும்பத் தள்ளினேன். அவள் அதை ஹமீதா பக்கம் தள்ளினாள். ஹமீதா சாப்பிட்டுவிட்டாள். அனீஸாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் ஒழுங்காகப் போய் வந்தது, நடுவில் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. நாலாவது நாள் ஹமீதா, "என்னங்க இது, இந்த வீட்டுல நான் மட்டும் குண்டாயிடுவேன் போல இருக்கே" என்றாள். அவள் சிரித்தாள், அனீஸாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிவாசலில் நான் செய்வதை அப்படியே என் மகள் எனக்கே செய்துகொண்டிருந்தாள். சாப்பிடாததை மறைக்க உலகத்தில் சஹனைப் போல் ஒரு நல்ல இடம் இல்லை. அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் நானே அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் தாம்பாளத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

7

அந்தச் சனிக்கிழமை அனீஸா மயங்கி விழுந்தாள். மாலையில் ஜெலுத்தோங்கில் நோன்புச் சந்தை கூடும். முர்தபாக் என்கிற கறி ரொட்டி வாங்குகிற வரிசையில் உம்மாவோடு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கத்தில் பலகாரம் விற்ற மலாய்க்கார அம்மாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சிரப் தண்ணீரை வாயில் வைத்திருக்கிறார். இவள் நோன்பு முறிந்துவிடும் என்று வாயை இறுக்கிக்கொண்டாளாம். "பிள்ளை உயிரோடு இருந்தால் நோன்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று அதட்டிக் குடிக்கவைத்திருக்கிறார். ஹமீதா போனில் அழுத அழுகையில் எனக்குக் கடைச் சாவி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்புச் சத்து மிகவும் குறைவு. ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று மருத்துவர் கேட்டார். அனீஸா தயங்காமல் சொன்னாள், "ஆறு ஸ்பூன்."

மருந்து வாங்க ஹமீதா வரிசையில் நின்றாள். நானும் அனீஸாவும் காரில் காத்திருந்தோம். ஏதேதோ கேட்க நினைத்து, "ஏன்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "எல்லாரும் என்னைப் பாத்து, அப்படியே வாப்பா மாதிரின்னு சொல்வாங்க. ஸ்கூல்ல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும். எனக்கு அது ஓகே லா. நாம ரெண்டு பேர் இருந்தோம். இப்ப நீங்க போயிட்டீங்க. நான் மட்டும் நிக்கிறேன். அந்த ஐசி ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கதானே?"

"நான் அழகுக்காக வெட்டிக்கலைமா. செத்துப் போயிடுவேன்னு சொன்னாங்க."

"அப்ப ஏன் கண்ணாடி முன்னாடி அவ்வளோ நேரம் நிக்கிறீங்க?"

நிற்கிறேன்தான். புதுச் சட்டை வாங்கிக்கொண்டுவந்து போட்டுப் பார்க்கிறேன். பத்து வயது குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்கிறேன். அதையெல்லாம் பக்கத்தில் நின்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் சொன்னேன்: "வெட்டுனது என் வயித்தத்தான்மா. உன் வயிறு முழுசா இருக்கு. அதுக்கு முழுசாத்தான் சாப்பாடு வேணும்."

"கொஞ்சமா சாப்பிட்டா போதும்னு உங்க டாக்டர்தானே சொன்னாரு."

"எனக்குச் சொன்னாரு. உனக்கு இல்ல."

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஹமீதா மருந்தோடு வந்து கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டாள்.

8

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். என் உணவு ஆலோசகரிடமே அவளை அழைத்துப் போனேன். அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு நெடுநேரம் அவளோடு பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறாள். இரும்பு மாத்திரை விழுங்குகிறாள். ஹமீதா உறவுக்காரர்களிடம், அனீஸா எதிரில் உடம்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நல்லா இருக்கீங்க பாய் என்று என்னிடம் யாராவது சொன்னால், நேற்று வாந்தி எடுத்ததையும் தோல் தொங்குவதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பெருநாளன்று அவளுக்குப் பிடிக்குமே என்று ஹமீதா விடியலிலிருந்து நின்று பிரியாணி செய்தாள். அனீஸா நாலு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்தினாள். ஹமீதா அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அன்று எத்தனை விருந்தாளி, எவ்வளவு சத்தம்! எனக்கு அந்தத் தட்டு மட்டும்தான் கண்ணில் நின்றது. இனி இந்தப் பிள்ளை எப்போது சாப்பிடும், எப்படிச் சாப்பிடும் என்று நினைத்து நினைத்துக் கடையில் நிறுவையைத் தப்புத் தப்பாகப் போட்டேன்.

பெருநாள் முடிந்து சில வாரம் ஆகியிருக்கும். டியூஷன் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு டத்தோ கிராமாட் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, வண்டிகள் நகரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வாப்பா, பசிக்குது."

வெட்டி எடுத்த பாகத்தோடு எனக்குப் பசியும் போய்விட்டது. பசியைக் கிளப்பிவிடுகிற சுரப்பு அந்தப் பாகத்தில்தான் அதிகமாம். நேரம் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். பசி என்பது உடம்பில் எங்கே தொடங்கும், எப்படி இருக்கும் என்பதே மறந்துகொண்டு வருகிறது. என் மகளுக்கு அது இருக்கிறது. வாயைத் திறந்து என்னிடம் சொல்கிறாள். நான் சிக்னல் போட்டு, பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்ததையும் பொருட்படுத்தாமல், மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், விற்கும் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"கட்டி வாங்கிக்கவாமா?"

"வேணாம். இங்கயே சாப்பிடுறேன்."

நாலு பேர் பார்க்க வெளியே உட்கார்ந்து அவள் சாப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. கடைக்காரர் ஆவி பறக்கத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு?" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். அவள் முதலில் முள்கரண்டியால் கொஞ்சம் கிளறினாள். பிறகு ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொரு வாய். சூடு தாங்காமல் ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நான் வேறு பக்கம் பார்க்க முயன்றேன், முடியவில்லை. பாதித் தட்டில் நிமிர்ந்தாள்.

"என்ன வாப்பா, அப்படியே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லைமா. சாப்பிடு."

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். "அண்ணே, முட்டை ஒண்ணு பொரிச்சுப் போடுங்க."